வெள்ளைப் பூ ஏறிய மலை

மார்கழி பாதி கழிந்தும் அந்த வருஷம் ஏலகிரியில் பனி இறங்கவில்லை. விடியற்காலையில் வாசல் தெளிக்க எழுந்த சம்பூர்ணத்துக்குக் கண் திறக்க முடியவில்லை. இமைகள் இரண்டும் ஊறின மொச்சை மாதிரி உப்பி ஒட்டிக்கொண்டிருந்தன. விரலால் பிரித்தால் ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும் எறும்புச் சாரி போவதுபோல் ஊறியது.

சுவரைத் தடவிக்கொண்டே குழாயடிக்குப் போய்த் தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் குளிரவில்லை. இமை வீங்கியதைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இந்த மலையில் மார்கழித் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும். இன்றைக்கு யாரோ அடுப்பில் வைத்து இறக்கிவிட்டுப் போன தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

"வந்துட்டியா," என்று மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் யாரும் இல்லை. அந்த நோயிடம்தான் சொன்னாள்.

அதனோடு அவளுக்குப் பழக்கம் அதிகம். பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சம்பூர்ணம். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பாலாற்றங்கரையில் ஒரு தோல் பதனிடும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். குரோம் உப்புக் கரைசலில் ஊறி நீலமாக வரும் ஈரத்தோலை இரும்புச் சட்டத்தில் இழுத்து, சுற்றிலும் கிளிப் மாட்டிக் காயவிடும் வேலை. கணவன் கோதண்டபாணிக்கு ஷூ கம்பெனியில், மேல்தோலை அச்சில் இழுத்து ஒட்டும் வேலை. அந்தத் தெருவில் தோலைத் தொடாத குடும்பம் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில் அரிப்பு தொடங்கியது. முதலில் இமை, பிறகு கழுத்து, பிறகு கை மடிப்பு. தோல் தடித்து, வெடித்து, நீர் கசிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். குரோம். ஆம்பூரில் கிணறு கசந்தாலும் தென்னை பட்டுப்போனாலும் குழந்தைக்குச் சிரங்கு வந்தாலும் அந்த ஒரு வார்த்தை போதும். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. யோசிக்க அவசியமும் இருந்ததில்லை, பாதி நேரம் அதுதான் உண்மையாகவும் இருக்கும். மருந்துக்கடைக்காரரும் அதைத்தான் சொல்லிக் களிம்பு கொடுத்தார். நாள் முழுக்கத் தோலைப் பிடிக்கிற உள்ளங்கை சுத்தமாக இருக்க, தோல் படாத கண்ணிமையில் ஏன் வருகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆவி மேலே எழும்பி முகத்தில் அடிக்கிறது என்றார்கள். அவளும் அதை நம்பினாள்.

வேலையை விட்டாள். நோய் விடவில்லை. கணவன் உடம்பில் தோல் வாசனை, தெருவில் தோல் வாசனை, மழை பெய்தால் மண்ணிலும் தோல் வாசனை. கடைசியில் அவளோடு கிளிப் மாட்டிய சகீனாதான் ஒரு வழி சொன்னாள். சகீனா அவளைவிடப் பத்து வயது மூத்தவள், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள்.

"ஏலகிரில எங்க சொந்தக்காரங்க ஒருத்தரு கெஸ்ட் ஹவுஸ் வெச்சிருக்காரு. சமைக்க ஆள் கேக்கறாரு. மலைல ஒரு தோல் துண்டு கெடயாது. செருப்பு மட்டும்தான். போய் இரு கொஞ்ச நாளு."

"இவர உட்டுட்டா?"

"மூஞ்சி இந்த லட்சணத்துல இருக்குது, புருஷன் பேஜாரு இன்னாத்துக்கு? அவன் எங்க ஓடிடப் போறான். ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி வருவான்."

அப்படித்தான் சம்பூர்ணம் மலையேறினாள். மகள் அதற்குள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டிருந்தாள். கெஸ்ட் ஹவுஸ் சமையற்கட்டுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஓர் அறை கிடைத்தது. முதல் மார்கழிப் பனியில் அவள் தோல் ஆறத் தொடங்கியது. பொங்கலுக்குள் கழுத்து பிறந்த குழந்தையின் கழுத்துபோல் ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்த்து அவளே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குரோம்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

கோதண்டபாணி ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். வந்ததும் அறைக்குள் நுழைய மாட்டான். பின்பக்கக் குழாயடியில் தலையோடு குளிப்பான். கம்பெனிச் சட்டையை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி பலாமரக் கிளையில் தொங்கவிடுவான். அவனுக்காக மலையிலேயே வைத்திருக்கும் வேட்டியைக் கட்டிக்கொண்டு, நகக்கண்ணை மறுபடி தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அவள் கையில் தட்டு வாங்குவான். அப்போதும் இரண்டு முழம் தள்ளி உட்காருவான்.

சமையற்கட்டில் கூட வேலை செய்யும் ஜோதி மலைக்காரப் பெண், வாயாடி. "இன்னாக்கா, மாமா வாரா வாரம் சாவு வீட்டுக்குப் போயிட்டு வர்றாரா? வந்ததும் தல முழுவறாரு," என்பாள்.

"உனக்கு இன்னா தெரியும் போ."

"தெரியும் தெரியும். புதுப்பொண்ணு மாப்ளைகூட இவ்ளோ தள்ளி ஒக்கார மாட்டாங்க."

சம்பூர்ணம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். சிரித்தால் தோல் வெடிக்காத வாழ்க்கை அவளுக்குப் புதிது. இப்படியே சில வருஷம் போனது.

பிறகு அரிப்பு திரும்பி வந்தது. ஒரு சித்திரையில் காதுமடலில் சின்னதாக ஒரு தடிப்பு. மழை வந்ததும் போய்விட்டது. அடுத்த வருஷம் மழைக்குப் பின்னும் போகவில்லை. கோதண்டபாணி இரண்டு தரம் சோப்புப் போட்டான். செருப்பை பஸ் நிறுத்தத்து டீக்கடையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தான். அதற்கு அடுத்த வருஷம் அவள் அவனைத் தொடுவதையே நிறுத்தினாள். அவன் தட்டைத் தனியே வைத்தாள். எல்லாம் செய்தும் அரிப்பு கூடிக்கொண்டே போனது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தவிதமே வேறாக இருந்தது. குழாயடிக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றவில்லை. நேராக அறைக்குள் வந்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். வேர்வையும் பச்சைத் தழை வாசனையும் அடித்தன. அவள் திமிறினாள்.

"அய்யோ, குளிக்காம இன்னா இது."

"குளிக்க வேணாம். இனிமே எதுக்கும் குளிக்க வேணாம்," என்று மட்டும் சொல்லிச் சிரித்தான். காரணத்தை அவள் கேட்கும்வரை சொல்லக்கூடாது என்று வைத்திருந்தான்போல. அவள் கேட்கவில்லை. நெடுநாளுக்குப் பின் அவன் அணைப்பதில் கேள்வி மறந்துபோனது. சாயங்காலம் வரை இருந்துவிட்டு அவன் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான்.

மறுநாள் அவள் முகமே அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் மூடிவிட்டன. கழுத்தில் அவன் தாடை உரசிய இடம் அப்படியே கொப்புளமாக எழும்பியிருந்தது. ஜோதிதான் ஒரு வாரம் அவளைக் கையைப் பிடித்துக் கக்கூஸுக்குக் கூட்டிப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவன் வாசலில் வந்து நின்றபோது அவள் உள்ளே விடவில்லை.

"சம்பூர்ணம், நான் சொல்றத கேளு. தோல் வேலைய நான் உட்டுட்டேன். ஆவணிலயே உட்டுட்டேன். உனக்காகத்தான். தோல் வாசன ஒடம்ப உட்டு முழுசா போவட்டும்னு காத்திருந்து, உங்கிட்ட நேர்ல சொல்லலாம்னுதான் போன வாரம்..."

"அப்ப இது எங்கர்ந்து வந்துது?"

வாசற்படியில் அவன் கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க. மலைல தோலு இல்ல. நீங்களும் தோல தொடல. அப்ப என் மூஞ்சி இன்னாத்துக்கு இப்படி ஆச்சு?"

"ஜோலார்பேட்டைல ரயில் பாதை ஓரம் புதர் வெட்டற காண்ட்ராக்ட்ல இருக்கறேன். வேணும்னா இந்தக் கையப் பாரு, எப்படிக் காய்ச்சுப் போயிருக்குது."

கையை நீட்டியிருப்பான். அவளுக்குக் கண் திறக்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"நீ பொய் சொல்றே," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். "குளிக்கறதுக்கு சோம்பேறித்தனம் பட்டுக்கினு பொய் சொல்றே. இனிமே வராதே."

 செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கார்த்திகையிலும் வரவில்லை. போனும் இல்லை.

அதனால்தான் இந்த மார்கழிக் காலையில் அவளுக்கு இத்தனை பயம். அவன் வந்து இரண்டு மாசம் ஆகிறது. அவன் தொட்ட தட்டு, அவன் வேட்டி, படுத்த பாய், எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்து வெளுத்தாகிவிட்டது. யாரும் எதையும் கொண்டுவரவில்லை. ஆனாலும் அது வந்திருக்கிறது. இந்தத் தடவை தானாகவே ஏறி வந்திருக்கிறது.

முகத்தில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். ஜோதி டீயைக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கசக்குதுக்கா."

"டீத்தூளு?"

"இல்ல, பாலு. நேத்தும் இப்படித்தான் இருந்துது. பால்காரன கேட்டேன். மாடு புல்லு கெடைக்காம வேற எதையோ மேயுது போலன்றான்." ஜோதி டம்ளரைக் கீழே ஊற்றினாள். "இந்த வருசம் ஒண்ணுமே சரியில்ல. ஸ்வெட்டர வெளிய எடுக்கவே இல்ல நானு. எங்க வூட்டுப் பலாமரம் இப்பவே பிஞ்சு உட்டிருக்குது. எங்கம்மா பாத்துட்டு கன்னத்துல போட்டுக்கினாங்க."

கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் மதியழகன் அப்போதுதான் உள்ளே வந்தான். நல்லவன்தான், எப்போதும் அவசரத்தில் இருப்பவன்.

"பொங்கலுக்கு ரூமு எல்லாம் ஃபுல்லு. பின்னாடி செடிங்க மொளைச்சு காடாட்டம் கெடக்குது. சம்பூர்ணம்மா, சமையல் முடிஞ்சதும் கொஞ்சம் புடுங்கிப் போட்டுடுங்க. பூவா இருக்குதேன்னு பாத்தா பாம்பு இருக்கப் போவுது."

சோறு வடித்துவிட்டு அவள் பின்பக்கம் போனாள். பலாமரத்துக்கும் மதிலுக்கும் நடுவே, போன வருஷம் அவரை போட்டிருந்த இடத்தில், மார்பு உயரத்துக்கு ஒரே வகைச் செடி அடர்ந்து நின்றது. கேரட் இலை மாதிரிப் பிரிந்த இலை. நுனியெல்லாம் ரவையைக் கொட்டினதுபோல் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. சின்ன வயதிலிருந்து பார்த்த செடிதான். ஆம்பூரில் கம்பெனிக்குப் போகும் ஆற்றோரப் பாதையில் இரண்டு பக்கமும் இதுதான் நிற்கும். மலைக்கு வந்த வருஷம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் நாலைந்து பார்த்தது நினைவிருந்தது. அந்த மார்கழிப் பனியில் அவை கருகிப்போயின. இப்போது கருகவில்லை. எப்போது மதில் தாண்டின, எப்போது இத்தனை உயரமாயின என்று அவளுக்குத் தெரியவில்லை. நேற்றுத்தான் இந்தப் பக்கம் வந்த மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டு அந்தச் செடிகளின் ஓரமாக வந்து நின்றன. எதைக் கண்டாலும் கடிக்கிற ஆடுகள். கழுத்தை நீட்டின, மூக்கைச் சுருக்கின, அப்படியே பின்வாங்கின. மற்ற செடியில் காலையில் எத்தனை சத்தம் இருக்கும், தேனீ, தட்டான், சிட்டு. இங்கே ஒன்றுமில்லை. காற்றும் இல்லை. ஆனாலும் பூத்த நுனிகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து வெறுங்கையால் பிடுங்கத் தொடங்கினாள். வேர் சுலபமாக வந்தது. பிடுங்கப் பிடுங்க வெள்ளைத்தூள் வெயிலில் புகைபோல் எழும்பி மெதுவாக இறங்கியது. மதிலோரம் குவித்தாள். குவியல் அவள் இடுப்பளவு வந்தது. திரும்பிப் பார்த்தால் பிடுங்கின இடத்தில் மண் தெரியவில்லை. பெரிய செடிகளின் நிழலில் விரலளவுக் குட்டிகள் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தன, காசு காசாக, எண்ண முடியாதபடி.

அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் மதியம் சகீனா மலையேறி வந்தாள். ஜோதி போன் பண்ணியிருந்தாள். அறைக்குள் வந்த சகீனா பர்தாவை மேலே தூக்கிவிட்டு, பாயில் சுருண்டு கிடந்தவளின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். 

"இது இன்னாடி கோலம். உன் ஆளு எங்க?"

"வரவேணாம்னு சொல்லிட்டேன்."

"நல்லா செஞ்சே. எழுந்துரு. வேலூருக்குப் போலாம்."

"களிம்பு இருக்குதுக்கா."

"களிம்ப ரொட்டில தடவித் துன்னு. எழுந்துருன்றேன்."

மதியழகன் தன் வண்டியிலேயே கீழே கொண்டுபோய் விட்டான். மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சம்பூர்ணம் பிரிந்த இமைக் கீற்று வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மேலே இருந்து இறங்கும்போது முதலில் சாலையோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தெரிந்தது. பாதி மலையில் அது ஒரு கோடாயிற்று. அடிவாரத்தில் அகன்று விரிந்து பக்கத்துப் பொன்னேரி கிராமம் வரைக்கும் பரவியிருந்தது. யாரோ கீழேயிருந்து ஒரு வெள்ளைத் துணியை வளைவு வளைவாக மேலே இழுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. துணியின் நுனி அவள் அறையின் ஜன்னலில் முடிந்தது. ஆனாலும் அவள் அப்போது அதை அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தோல் பிரிவு டாக்டர் ஷஹீன் பானு, சின்ன வயதுப் பெண், முதலில் வீக்கம் வடிய மருந்து கொடுத்துச் சில நாள் படுக்கவைத்தார். பிறகு அவள் முதுகில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக எதையோ வைத்துப் பட்டை ஒட்டினார். எது உடம்புக்கு ஆகவில்லையோ அந்தப் பொட்டு மட்டும் சிவக்கும் என்றார். குளிக்கக்கூடாது, சாயக்கூடாது. சம்பூர்ணம் நேராக உட்கார்ந்தபடி தன் முதுகைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னால் பார்க்க முடியாத இடத்தில் ஏதோ ஒன்று தன் பேரைச் சொல்லிக்கொண்டு மெல்ல எழும்புகிறது. ஒரு புள்ளியில் மட்டும் ஊறத் தொடங்கியது. அது எந்தப் பொட்டு என்று அவளுக்குத் தெரியாது.

பட்டையைப் பிரித்துவிட்டு டாக்டர் தன் போனில் அவள் முதுகைப் படம் எடுத்துக் காட்டினார்.

"இது குரோம் வெச்ச இடம். பாருங்க, ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

சகீனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "இல்லியா? நல்லா பாரும்மா. நாங்க தோல்ல வேலை செஞ்சவங்க."

"இதோ, இது ஒண்ணுதான்." டாக்டர் விரல் வைத்த இடத்தில் தோல் சிவந்து, பட்டாணி அளவுக்குக் கொப்புளித்திருந்தது. "பார்த்தீனியம்னு ஒரு செடி. கேரட் இலை மாதிரி இருக்கும். வெள்ளையா பொடிப்பூ."

"காஜர் காஸ், அந்த கேரட் புல்லா?" என்றாள் சகீனா. "அது ஊரு பூரா கெடக்குதேம்மா. அது எப்படி."

"எல்லாருக்கும் ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு ஆகாது. தொடணும்னு இல்ல, காத்துல வந்து பட்டாலே போதும். அதனாலதான் இமைல, கழுத்துல வருது."

சம்பூர்ணம் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மலைல எனக்கு நல்லாயிடுச்சே டாக்டர். அப்ப மட்டும் எப்படி?"

"அப்ப அங்க குளிர் இருந்திருக்கும். குளிர் அத மேல வராம அடக்கி வெச்சிருக்கும். இப்ப மலைலயும் சூடு ஏறிடுச்சு இல்ல? வருசம் பூரா வளருது. காத்துல புகை ஜாஸ்தி ஆக ஆக இன்னும் கொழுத்து வளருதுன்னும் சொல்றாங்க. நம்ம மலை மட்டும் இல்லம்மா. உலகத்துல எத்தனையோ மலைங்கள்ல கீழ இருந்த செடி மேல ஏறிக்கிட்டு இருக்கு. மேல இருந்தது இன்னும் மேல போவுது."

"உச்சில இருந்தது?"

டாக்டர் போனை அணைத்து மேசைமேல் வைத்தார். "அதுக்குப் போக இடம் இருக்காது."

சம்பூர்ணம் தலையாட்டினாள்.  ஆஸ்பத்திரி வராண்டாவில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கியது. பின்னாலிருந்து கட்டிப்பிடித்த கை. தழை வாசனை. கழுத்தில் தாடை உரசிய இடம். ரயில் பாதை ஓரம் என்று அவன் சொன்ன அந்தப் புதர் என்ன புதராக இருக்கும்.

"அக்கா," என்றாள். "அவரு பொய் சொல்லல."

விஷயத்தைக் கேட்டுச் சகீனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா. பொண்டாட்டி மேல ஆசப்பட்டு வேலைய உட்டு, நேரா அதுக்குள்ளயே போயி உழுந்திருக்கான் பாரு. இன்னா ராசிடி உங்க ரெண்டு பேருக்கும்."

"போன் எடுக்க மாட்டேன்றாரு."

"நேர்ல போ. வராதேன்னு சொன்ன வாயி நேர்ல போயித்தான் வான்னு சொல்லணும். அதெல்லாம் போன்ல ஆவாது."

இருவரும் காட்பாடியில் ரயில் ஏறினார்கள். சம்பூர்ணத்துக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. சகீனா உடனே கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டாள். இறக்கினாலும் கண்ணுக்குத் தெரிவதை மறைக்க முடியவில்லை. குடியாத்தம் தாண்டியதும் பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளை. ரயில் வர வர அந்தச் செடிகள் மொத்தமாகச் சாய்ந்து வழிவிட்டன. ரயில் போனபின் ஒன்றுபோல நிமிர்ந்து, போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றன. மேல்பட்டி, பச்சகுப்பம், எங்கும் அப்படியே. வாழ்நாளெல்லாம் இந்த ரயிலில் போயிருக்கிறாள். ஒரு நாளும் அவை தன்னைப் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

ஆம்பூரில் சகீனா இறங்கினாள். இறங்கும் முன் தன் துப்பட்டாவைக் கழற்றி அவள் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிவிட்டாள். "இன்னிக்கு நீ எங்க ஜாதி," என்றாள். சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

ஜோலார்பேட்டையில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் எங்கே என்று ஒரு போர்ட்டரைக் கேட்டாள். பிளாட்பாரத்தின் கடைசிக்குக் கை காட்டினார். அவள் நடந்தாள். கூரை முடிந்து, பெஞ்சுகள் முடிந்து, ஊர்ப்பேர்ப் பலகையும் முடிந்து, சிமென்ட் தரை சரிவாக இறங்கும் இடத்தில் நின்றாள்.

அங்கிருந்து தண்டவாளத்தின் வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை. அதன் நடுவில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மார்பு வரைக்கும் மூழ்கி, ஓர் ஆள் கத்தியை வீசிக்கொண்டிருந்தான். வீச்சுக்கு ஒரு தரம் அவனைச் சுற்றிப் புகை எழும்பியது. முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏங்க."

அவன் திரும்பினான். துப்பட்டா கட்டிய முகத்தை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்டதும் செடிகளை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே நில்லுங்க."

நின்றான். முகம் சுருங்கிப்போயிற்று. "இன்னும் கோவம் போலியா?"

"கோவம் இல்ல. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

நடுவில் அந்தத் தூரத்தை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முதுகில் வைத்த பொட்டுகளை, சுத்தமாக இருந்த குரோமை, சிவந்த ஒன்றை. அவன் இடது கையில் வெட்டின செடிகள் ஒரு பிடி அப்படியே இருந்தன. கேட்டுக்கொண்டே வந்தவன் அவற்றைக் குனிந்து பார்த்தான்.

"இதுவா?"

"அதான்."

வீசி எறிவான் என்று நினைத்தாள். அவன் அப்படிச் செய்யவில்லை. தூங்குகிற எதையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகத் தரையில் வைத்தான். வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு நான் வந்து..."

"ம்."

"நானே கொண்டாந்து உன்மேல..."

"உங்களுக்குத் தெரியுமா? எனக்குத்தான் தெரியுமா?" அவள் துப்பட்டாவை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க பொய் சொல்லல. நான்தான் சொல்லக்கூடாதத சொல்லிட்டேன்."

ஒரு சரக்கு ரயில் கடந்து போனது.  செடிகள் சாய்ந்து நிமிர்ந்தன.

"இப்ப இன்னா பண்றது?" என்றான். "இந்த வேலைய உட்டுட்டு மலைக்கு வந்துடட்டுமா?"

"மலைலயும் இதான் நிக்குது. என் ஜன்னல் வரைக்கும் வந்துடுச்சு." அவள் கொஞ்சம் யோசித்தாள், பிறகு சொன்னாள். "நீங்க தோல் கம்பெனிக்கே போயிடுங்க. நாலு சுவத்துக்குள்ள, கதவ சாத்திக்கினு வேலை. அங்க இது மொளைக்காது. நானும் ஆம்பூருக்கே வந்துடறேன். ஜன்னலுக்கு வலை அடிச்சுக்கலாம். மருந்து குடுத்திருக்காங்க. மூஞ்சிய மூடிக்கினு வெளிய போறேன்."

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "உன்னோட சேந்து இருக்கணும்னா நான் தோல்ல வேலை செய்யணுமா?"

"ஆமா."

 சிரித்து முடித்ததும் அவன் கத்தியைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "சுத்தி வர்றேன். போன வாரம் நானே வெட்டி வெச்ச பாதை ஒண்ணு இருக்குது. நீயும் அந்தப் பக்கம் எறங்கி வா, வெளிய போயிடலாம்."

அவள் சரிவின் மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். வெட்டின பாதை தெரிந்தது. ஓர் ஆள் தாராளமாக நடக்கிற அகலம். தரையோடு தரையாக வெட்டியிருந்தான், வேலைக்காரன் வெட்டு. ஒவ்வொரு மொட்டைத் தண்டின் பக்கத்திலும் விரலளவுக்கு இரண்டு இலை விட்டிருந்தது. அந்த விரலளவிலேயே அவை பூத்துவிட்டிருந்தன. உயரம் வளரக் காத்திருக்கவில்லை. பாதை முழுக்க, கணுக்கால் அளவில், ஒரே வெள்ளை.

"போன வாரம்தானா வெட்டினீங்க?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நான் எறங்கல. நீங்க தண்டவாளத்து மேலயே வாங்க. கல்லு மட்டும் இருக்கற எடமா பாத்து."

அவன் ஜல்லியில் கால் பதித்து நடந்து வந்தான். அவள் மேலே பிளாட்பாரத்தில் நடந்தாள். பலகை தாண்டி, பெஞ்சுகள் தாண்டி, ஸ்டேஷன் வாசல் வரைக்கும் இருவரும் ஒரே வேகத்தில் போனார்கள், ஆனால் பக்கம் பக்கமாக அல்ல. துப்பட்டா எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். காற்று திரும்பும்போதெல்லாம் கையைக் காட்டினாள். அவன் பின்தங்கினான், அல்லது முந்தினான். வெளியே வந்து சாலையில் இறங்கிய பிறகும் அப்படியே, காற்றுக்குத் தகுந்தபடி ஒருவருக்கொருவர் இடம் மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள்.